பதினோரு வருடச் சருகு

உதிர்ந்த சருகை நிறுத்துப் பார்க்க ஓர் ஆள் வேண்டும் என்று சொன்னால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? அவள் அந்த வேலையில் சேர்ந்தபோது தெருவே சிரித்தது. "குப்பையக் கூட்டுறதுக்கு ஆள் கேள்விப்பட்டிருக்கோம். எடை போடுறதுக்கு ஆளா? தங்கமா அது?" என்று குழாயடியில் கேட்டார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, மறுநாள் காலை ஏழு மணிக்கெல்லாம் வேலையில் போய் நின்றாள். அப்படிப் போய் நின்றவள்தான், பதினோரு வருடமாகப் போய்க்கொண்டே இருக்கிறாள்.

கடலோரமாக நீண்டு கிடக்கிற சவுக்குத் தோப்பு அது. புயல் காற்றைத் தடுக்கவும், மணல் ஊருக்குள் ஏறாமல் இருக்கவும் என்றைக்கோ நட்ட மரங்கள். தோப்புக்கு நடுவில் ஓடு வேய்ந்த மூன்று அறைகள். அதற்குப் பெயர் ஆராய்ச்சி நிலையம். முதல் அறையில் அதிகாரி உட்காருவார். இரண்டாவதில் மண்வெட்டி, ஏணி, சாக்கு, கொஞ்சம் எலி. மூன்றாவது எடை அறை. அது அவளுடையது. அதற்குள் செருப்போடு வந்தவன் செத்தான். மேசையை ஒரு நாளைக்கு நாலு தரம் துடைப்பாள். தராசுக்குத் துணி உறை தைத்துப் போட்டிருந்தாள். "காத்துகூட உங்க ரூமுக்குள்ள காலக் கழுவிட்டுத்தான் வரணும்போல" என்று காவலாளி கேலி செய்வார். அவர்தான் அவளுக்குச் சுத்தம்மா என்று பெயர் வைத்தவர். பெயர் ஒட்டிக்கொண்டது. கடைசியில் வருகைப் பதிவைத் தவிர வேறெங்கும் அவள் சொந்தப் பெயருக்கு வேலையில்லாமல் போயிற்று.

வேலை என்னவென்றால் இதுதான். தோப்பில் நான்கு இடங்களைப் பகுதி ஒன்று, இரண்டு என்று குறித்து, ஒவ்வொன்றிலும் முழங்கால் உயரத்தில் பத்து வலைகள் கட்டியிருக்கும். மேலேயிருந்து உதிர்வது மண்ணைத் தொடாமல் வலையில் விழும். இரண்டு வாரத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை சாக்கோடு போய் நாற்பது வலைகளையும் காலி செய்வாள். ஊசி இலை தனி, சுள்ளி தனி, காய் தனி. பிறகு ஓவனில் இரண்டு நாள் உலர்த்தி, நிறுத்து, புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம்வரை நோட்டில் எழுதுவாள். இலையை மெஷினில் மாவாக அரைத்துச் சின்ன பாட்டிலில் அடைத்து, தேதி ஒட்டி, அலமாரியில் அடுக்குவாள். மழை வருகிற மாதிரி இருந்தால் செவ்வாய்க்கிழமைக்குக் காத்திருக்கக் கூடாது, முன்னாடியே எடுத்துவிட வேண்டும். இது நிலையத்தின் சட்டம். ஏன் என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. வானம் கறுத்தால் அடுப்பில் இருப்பதை அப்படியே இறக்கி வைத்துவிட்டு ஓடுவாள்.

இதில் நான்காம் பகுதிதான் தலைவலி. மற்ற மூன்றும் உள்ளே தள்ளி இருப்பவை. நான்காவது கடலைப் பார்த்து நிற்பது. காற்றடித்தால் சருகோடு மணலும் வலைக்குள் வந்து விழும். சேர்ந்த புதிதில் உதறிப் பார்த்தாள், சலித்துப் பார்த்தாள். சவுக்கு ஊசியின் கணுவில் ஒட்டின மணல் போவேனா என்றது. ஒருநாள் அரைக்கிற மெஷினின் கத்தி அந்த மணல் பட்டு உடைந்தது. அப்போதிருந்த அதிகாரிக்குக் கட்டைக் குரல். "மணல அரைக்கவா உன்ன வெச்சிருக்கு? இனிமே ஒரு பொட்டு மணல் இருந்துச்சுன்னா நீ வீட்டுக்குப் போயிடலாம்" என்று நாலு பேர் முன்னால் வைத்துக் கத்தினார். அடுத்த முறை மெஷினுக்குப் போன சருகில் மருந்துக்குக்கூட மணல் இல்லை. அதிகாரி உள்ளங்கையில் போட்டு நெருடிப் பார்த்து, "இதுதான் வேலை" என்றார். எப்படிச் செய்தாய் என்று அந்த மகராசன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அவள் செய்தது ரொம்பச் சுலபம். இரண்டு வாளியில் தண்ணீர் பிடித்து வைத்தாள். நான்காம் பகுதிச் சருகை முதல் வாளியில் போட்டு நன்றாக அலசினாள், இரண்டாவதில் முக்கி எடுத்தாள், பிழிந்து ஓவனில் பரப்பினாள். அதை நோட்டில் எழுத வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. பாத்திரத்தைக் கழுவிவிட்டுத்தான் சமைத்தேன் என்று யாராவது எழுதி வைப்பார்களா?

கட்டைக் குரல்காரர் ஓய்வு பெற்றார். அவருக்குப் பின் வந்த இரண்டு அதிகாரிகளும் எடையை மட்டும் கூட்டிக் கழித்துக் காகிதம் அனுப்பிவிட்டு மாற்றலில் போனார்கள். பாட்டில்கள் அலமாரியில் ஏறிக்கொண்டே போயின. அவற்றைத் திறந்து பார்க்க ஒருவருக்கும் நேரமில்லை.

இனி அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுத்தம்மாவின் புருஷன் லாரியோடு போகிறவன், வருடத்துக்கு இரண்டு தடவை தலையைக் காட்டுவான். மகளை வளர்த்தது பாதி அவள், பாதி அண்ணி. இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் மூடியைக் கீழே போட்டால் அந்தப் பக்கத்திலிருந்து "என்னடி உடைச்ச?" என்று குரல் வரும். அண்ணன் இறந்து ஆறு வருடமாகிறது. அதற்கு முன்பும் சரி, பின்பும் சரி, அண்ணிக்குப் பிழைப்பு சருகு வாருவது. கடலோரப் பட்டையில் மட்டும் வாரிக்கொள்ளலாம் என்று பன்னிரண்டு பெண்களுக்கு அட்டை கொடுத்திருந்தார்கள். நான்காம் பகுதி அந்தப் பட்டைக்குள்தான் இருக்கிறது. மேலே வலையில் விழுவது சுத்தம்மாவுக்கு, கீழே தரையில் விழுவது அண்ணிக்கு. செங்கல் சூளைக்கும் ரொட்டி அடுப்புக்கும் அந்தச் சருகு மூட்டை மூட்டையாகப் போகும். "ஒரே மரம் ரெண்டு குடும்பத்துக்குப் படி அளக்குது" என்று அண்ணி சொல்வாள். பொய்யில்லை.

வந்தது வினை, புது அதிகாரி ரூபத்தில். சின்ன வயசுப் பெண். கெட்டிக்காரி, அதில் சந்தேகமில்லை. வந்த மூன்றாம் மாதமே அலமாரியைத் திறந்து, பதினோரு வருடப் பாட்டில்களையும் பெட்டி பெட்டியாகக் கட்டித் தலைமை ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டாள். கடலோரப் பட்டையில் ஒரு வருடமாக மரங்களின் நுனி காய்ந்துகொண்டு வந்தது. அதற்குக் காரணம் கண்டுபிடிக்க வேண்டும் என்று அவளுக்கு வெறி. சுத்தம்மாவை வாய் நிறைய அக்கா என்று கூப்பிடுவாள். சுத்தம்மாவுக்கு அவள் மேடம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நான்கு பகுதிகளிலும் சருகை எடுத்துச் சாக்குகளை எடை அறையில் இறக்கிவிட்டு நிமிரும்போது மேடம் கூப்பிட்டாள்.

"அக்கா, இங்க வாங்களேன். இதப் பாருங்க."

கம்ப்யூட்டர் வரைபடத்தில் நான்கு கட்டைகள் நின்றன. மூன்று உயரமாக, கடைசி ஒன்று குட்டையாக.

"இது இலையில இருக்கிற பொட்டாசியம் சத்து. மூணு பகுதியும் ஒரே மாதிரி இருக்கு. நாலாவது பாதிகூட இல்ல. ஒரு வருஷம் ரெண்டு வருஷம் இல்லக்கா, பதினோரு வருஷமும் இதே கதைதான்."

"அப்படின்னா என்ன மேடம் அர்த்தம்?"

"மணல்ல என்ன இருக்கு? ஒண்ணுமில்ல. மரம் தன்னோட சாப்பாட்டைத் தானே கீழ உதிர்க்குது. அது மக்குனதும் வேர் வழியா தானே எடுத்துக்குது. அதை வருஷக்கணக்கா வாரிக்கிட்டுப் போனா மரம் எதைத் தின்னும்? அதான் நுனி காயுது. விழுற இலையிலயே சத்து இல்ல பாருங்க." மேடத்தின் முகம் ஜொலித்தது. "வெள்ளிக்கிழமை கூட்டத்துல இதை வெக்கிறேன். கடலோரப் பட்டைக்கு அஞ்சு வருஷம் வேலி. இயக்குநர் வாய் வார்த்தையா சரின்னுட்டாரு."

சுத்தம்மா கம்ப்யூட்டரை விட்டு நிமிர்ந்தாள். "அங்க வாருறவங்க என்ன மேடம் பண்ணுவாங்க?"

"கஷ்டம்தான். எனக்குத் தெரியாம இல்ல. ஆனா மரம் போச்சுன்னா கடல் ஊருக்குள்ள வந்துடும். அப்புறம் யாருக்கு என்ன மிச்சம்?" அதுவும் நியாயம்தான். யார் மறுக்க முடியும்? மேடம் ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். "இதையும் பாருங்க. நன்றின்னு போட்டு முதல்ல உங்க பேருதான். இது உங்க உழைப்புக்கா."

அச்சில் தன் முழுப் பெயரை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பார்த்ததும் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை ஒளிப்பானேன்? மகளுக்குப் படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்றுகூடத் தோன்றியது. அடுத்த நொடியே அண்ணி முகம் வந்து நின்றது. ஜன்னலைப் பார்த்தாள். வானம் மூடிக்கொண்டு வந்தது.

"நல்லவேளை, காலையிலயே எடுத்துட்டீங்க" என்றாள் மேடம். "நனைஞ்சிருந்தா போச்சு."

"நனைஞ்சா என்ன ஆகும் மேடம்?" பதினோரு வருடத்தில் முதல் தடவையாக அவள் அதைக் கேட்டாள். அதுகூடத் தெரிந்துகொள்ளும் ஆசையில் அல்ல, வாய்க்கு ஏதாவது வேலை கொடுக்கத்தான்.

"பொட்டாசியம் தண்ணில சட்டுனு கரைஞ்சுடும்கா. ஒரு நல்ல மழை போதும், பாதி போயிடும். ஒருவாட்டி டீ போட்ட தூள மறுபடி கொதிக்க வெச்சா என்ன இறங்கும்? அப்படித்தான்."

சுத்தம்மா தலையாட்டினாள். எடை அறைக்கு வந்தாள். கை தன்பாட்டுக்கு வேலையை ஆரம்பித்தது. இரண்டு வாளியிலும் தண்ணீர் பிடித்தாள், நான்காம் பகுதிச் சாக்கை அவிழ்த்தாள், ஒரு கை சருகை அள்ளி முதல் வாளியில் போட்டு அலசினாள். தண்ணீர் மெல்ல வெளிறின டீ நிறத்துக்கு மாறியது.

அப்போதுதான் உறைத்தது.

பதினோரு வருடமாக அழுக்கு என்று நினைத்துக் கொட்டின தண்ணீர் அது. எங்கே கொட்டினாள்? அறைக்குப் பின்னால் குழாயடியில். அங்கே தானாக முளைத்த ஒரு பப்பாளி மரம், சொன்னால் நம்ப மாட்டீர்கள், கட்டிப் பிடித்தால் கை எட்டாது. ஒவ்வொரு பழமும் பிள்ளைத்தலை அளவு. அதைப் பறித்துத் தின்று காவலாளிக்குத் தொப்பையே போட்டுவிட்டது. நான்காம் பகுதி இலையின் சத்தெல்லாம் போன இடம் அதுதான். மணலிலே குறையோ, மரத்திலே குறையோ, வாருகிறவர்கள் மேல் குறை இருக்கிறதோ இல்லையோ, அந்தக் குட்டைக் கட்டையைக் குட்டையாக்கினவள் அவள்.

அன்று சாயங்காலம் வீட்டுப் படியேறுவதற்குள் அண்ணி பிடித்துக்கொண்டாள். காவலாளி வாயில் எது நிற்கும்? பன்னிரண்டு பேருக்கும் விஷயம் போய்விட்டது.

"வேலி போடுறாங்களாமே?"

"கேள்விப்பட்டேன் அண்ணி."

"கேள்விப்பட்டியா? நீ போட்ட எடைய வெச்சுத்தான் போடுறாங்கன்னு சொல்றான் அவன். நாங்க வாருறதாலதான் மரம் சாகுதாம். ஏன்டி, இத்தன வருஷமா உக்காந்து எழுதுனியே, எங்க வயித்துல அடிக்கத்தான் எழுதுனியா?"

"வலையில விழுந்ததத்தான அண்ணி நான் எழுத முடியும்?" திருடனைத் தேள் கொட்டியது போலத்தான் அவள் நிலைமை. கத்தவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது.

"எனக்கு அம்பத்தாறு வயசு. இனிமே யாரு எனக்கு வேல குடுப்பா? குனிஞ்சு குனிஞ்சு இடுப்பே வளைஞ்சு கெடக்கு. இத வெச்சுக்கிட்டு நான் எங்க போவேன், சொல்லு?" அண்ணி அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். அன்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

புதன்கிழமை இரண்டு தடவை மேடத்தின் வாசல்வரை போய்த் திரும்பினாள். முதல் தடவை மேடம் போனில் இருந்தாள். இரண்டாம் தடவை சும்மாதான் இருந்தாள், இவளுக்குத்தான் கால் வரவில்லை. சொன்னால் வேலை போகும், அது நிச்சயம். மகள் படிப்பு முடிய இன்னும் ஒரு வருடம் இருந்தது. அது மட்டுமென்றால்கூடத் துணிந்திருப்பாள். சொன்னால் பதினோரு வருடமும் போகும். காய்ச்சலோடு போன நாள், காலில் முள் ஏறி நொண்டிக்கொண்டு போன நாள், எல்லாம் வெறும் குப்பை. தெரு அன்றைக்குச் சிரித்தது சரிதான் என்று ஆகிவிடும். அதற்கு மேல் இன்னொரு பேய் வந்து காதோரம் கேட்டது: கணக்கு தப்பாக இருந்தாலும் வேலி சரியாக இருந்தால்? உண்மையாகவே வாருவதால்தான் மரம் காய்கிறது என்றால்? நீ வாயைத் திறந்து, நாளைக்குத் தோப்பே போய்விட்டால்? யாரிடம் போய் இதைக் கேட்பாள்? சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் மேசையை ஆறாவது தடவையாகத் துடைத்தாள்.

வியாழக்கிழமை காலை நான்காம் பகுதிச் சாக்கையும் ஒரு வாளி தண்ணீரையும் தூக்கிக்கொண்டு நேரே மேடத்தின் மேசைக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தாள். தளும்பித் தரையில் கொட்டியது. அவள் துடைக்கவில்லை. அதிலேயே மேடத்துக்கு ஏதோ சரியில்லை என்று தெரிந்திருக்க வேண்டும்.

"மேடம், நாலாம் பகுதிச் சருகை நான் கழுவிட்டுத்தான் காய வெப்பேன்."

"கழுவுறதுன்னா?"

"மணல் போகணும்னு. ரெண்டு வாளித் தண்ணில."

மேடம் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "எப்பலேருந்து?"

"மெஷின் கத்தி உடைஞ்சதுலேருந்து. மொத மாசமே."

"எப்பவாச்சும்தானே? மணல் அதிகமா இருந்தா மட்டும்தானே அக்கா?" அந்தக் குரலில் இருந்த கெஞ்சல் சுத்தம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஒரு தடவகூடக் கழுவாம விட்டதில்ல மேடம்."

மேடம் எழுந்து அந்தச் சாக்கிலிருந்து ஒரு பிடி எடுத்து நிறுத்து, சுத்தமான தண்ணீரில் அலசி, அந்தத் தண்ணீரைத் தான் வரும்போது கொண்டுவந்திருந்த சின்னக் கருவிக்குள் செலுத்திப் பார்த்தாள். கரைந்து வந்தது வெறும் கடல் உப்பாக இருக்கலாம் என்று ஒரு நப்பாசை. கருவி உப்பைத் தனியாகவும் பொட்டாசியத்தைத் தனியாகவும் காட்டியது. குறைந்துபோயிருந்த சத்து முழுக்க அந்தத் தண்ணீரில்தான் இருந்தது. இரண்டாம் முறை பார்த்தாள். மூன்றாம் முறையும் பார்த்தாள். பிறகு மேசையில் முழங்கையை ஊன்றி முகத்தை மூடிக்கொண்டாள்.

"உங்களுக்கு யாருமே சொல்லலையாக்கா, ஏன் நனையக் கூடாதுன்னு?"

"நனையக் கூடாதுன்னு சொன்னாங்க மேடம். ஏன்னு சொல்லல."

எனக்கு இந்த இடத்தில் கோபம் வருகிறது. ஆயிரம் ரூல் போடுவார்கள், பலகையில் எழுதி மாட்டுவார்கள், கையெழுத்து வாங்குவார்கள். காரணத்தை மட்டும் சொல்ல மாட்டார்கள். துடைப்பத்தோடு நிற்கிறவளுக்குக் காரணம் எதற்கு என்று ஓர் எண்ணம். காரணம் தெரிந்திருந்தால் அவள் ஒரு சொட்டுத் தண்ணீர் பட விட்டிருப்பாளா?

வெள்ளிக்கிழமை மேடம் கூட்டத்துக்குப் போய் அறிக்கையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். என்னென்ன கேட்டார்களோ, திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. வேலி இப்போதைக்கு இல்லை. ஆனால் மரம் காய்வது காய்வதுதான், அதற்குக் காரணம் யாருக்கும் தெரியவில்லை. இரண்டு வருடம் ஒழுங்காகச் சருகெடுத்து, அதற்குப் பிறகு முடிவு. "வாருறதுதான் காரணம்னு அப்பவும் வரலாம்கா. வராமலும் போகலாம்" என்றாள் மேடம். "உங்கள வேலைய விட்டு எடுக்கச் சொன்னாங்க. தப்பக் கண்டுபிடிச்சதே அவங்கதான், அவங்கள அனுப்பிட்டா நானும் போறேன்னு சொல்லிட்டேன்."

சுத்தம்மா கையெடுத்துக் கும்பிடப் போனாள். மேடம் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டு, ஒன்று சொன்னாள். பதிவு நோட்டில் தப்பு என்று தெரிந்ததைக் கிழிக்கக் கூடாது, அழிக்கக் கூடாது. எழுதினவரே ஸ்கேல் வைத்து ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் காரணமும் தேதியும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நான்காம் பகுதி வரிகள் மட்டும் இருநூற்று எழுபத்து மூன்று.

திங்கட்கிழமை உட்கார்ந்தாள். கோடு, "கழுவியது", தேதி, கையெழுத்து. மறுபடியும் கோடு, "கழுவியது", தேதி, கையெழுத்து. புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம்வரை அழகாக எழுதியிருந்த எண்கள். எழுத்து சரிந்திருக்கிறதே என்று திரும்ப எழுதின பக்கங்கள்கூட இருந்தன. பத்து வரிக்கு ஒருமுறை கை நின்றது. மேடம் கட்டாயப்படுத்தவில்லை, அவசரம் இல்லை என்றுதான் சொன்னாள். அவசரம் இல்லாததுதான் கொடுமை.

மறுநாள் மத்தியானம் அண்ணி வந்தாள். காவலாளி இந்தத் தடவையும் முந்திக்கொண்டிருந்தார். தூரத்திலிருந்தே குரல் கேட்டது. "எங்க அவ? வெளிய வரச் சொல்லு! நாலு நாளா எங்க பன்னெண்டு பேரு உசுரையும் கையில புடிச்சுக்கிட்டு நின்னோமே, அத்தனையும் இவ வாளியால வந்த வினையா? பதினோரு வருஷமா என் குடியத்தான் அலசிக்கிட்டு இருந்தாளா?" எடை அறை வாசலில் வந்து நின்றாள். செருப்பைக் கழற்றவில்லை. காலில் மணல், தலையில் சருகுத் துணுக்கு. நாலு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாம் என்று வந்தவள், நாத்தனார் நோட்டின் மேல் கவிழ்ந்து கோடு போட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்து நின்றாள்.

"என்ன பண்ற?"

"அடிக்கிறேன் அண்ணி. நான் எழுதுனத நானே அடிக்கணுமாம்."

"எல்லாத்தையுமா?"

"நாலாம் பகுதி எல்லாம்."

அண்ணி உள்ளே வந்து நோட்டைத் தன் பக்கம் திருப்பினாள். படிப்பு கொஞ்சம்தான், ஆனால் தேதி படிப்பாள். விரலை வைத்துக்கொண்டே கீழே இறங்கினவள் ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"இந்தத் தேதி..."

"ஆமா அண்ணி."

"உங்கண்ணன் போயி நாலாம் நாளு."

"ஆமா."

"அன்னைக்கு வீடு நிறைய ஆளுங்க இருக்கும்போது நீ சாக்கத் தூக்கிக்கிட்டுக் கிளம்புன. கூடப் பொறந்தவன விட உனக்குச் சருகு பெருசாடின்னு கேட்டேன். எல்லாரும் பார்த்தாங்க. நீ ஒரு வார்த்த பேசல." அண்ணியின் குரல் இறங்கியிருந்தது. "ஆறு வருஷமா எனக்கு அது உள்ளுக்குள்ள இருக்கு. ஏன்டி போன?"

சுத்தம்மா தலையைத் தூக்கவில்லை. "வானம் கறுத்துக்கிட்டு வந்துச்சு அண்ணி. மழையில நனைஞ்சா கெட்டுப் போயிடும்னு சொல்லியிருந்தாங்க. அதான் ஓடினேன்."

"நனையாம எடுத்துட்டியா?"

"ஒரு சொட்டுப் படாம எடுத்துட்டேன்."

"எடுத்துட்டு வந்து?"

சுத்தம்மா மூலையில் இருந்த வாளிகளைப் பார்த்தாள். அண்ணிக்கு அதற்குள் புரிந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தின கையையும் மீறிச் சிரிப்பு வந்துவிட்டது. "அடிப் பாவி! மழை நனைச்சிடும்னு ஓடிப் போயி, கொண்டாந்து நீயே வாளில முக்குனியா!" சுத்தம்மாவுக்கும் சிரிப்பு வந்தது. இருவரும் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். முதல் அறையிலிருந்து மேடம் எழுந்து வந்து வாசலில் நின்று பார்த்தாள். அவள் வந்தபோது சுத்தம்மா சிரித்துக்கொண்டிருக்கவில்லை. நோட்டின் மேல் நெற்றியை வைத்து, அண்ணன் செத்த அன்றைக்கு அழாத அழுகையையெல்லாம் சத்தம் போட்டு அழுதுகொண்டிருந்தாள். அண்ணி அவள் முதுகில் கை வைத்தபடி, "விடு, விடு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

கொஞ்சம் அடங்கியதும் அண்ணி முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தாள்.

"இனிமே கழுவாம நிறுத்து எழுதுவல்ல?"

"எழுதுவேன். எழுதி, நீங்க வாருறதுதான் தப்புன்னு வந்துட்டா என்ன அண்ணி பண்ணுவீங்க?"

அண்ணி ஜன்னல் வழியாகக் கடலோரப் பட்டையைப் பார்த்தாள். காய்ந்த நுனிகள் இங்கிருந்தே தெரிந்தன. "தெரியலடி" என்றாள்.

சுத்தம்மா ஸ்கேலை எடுத்து அந்தத் தேதியின் மேல் வைத்தாள். கோட்டைப் போட்டு, பக்கத்தில் "கழுவியது" என்று எழுதி, கையெழுத்துப் போட்டாள்.